பாயச அண்டாவில் விழுந்த டிரோன்

மார்த்தாண்டத்திலிருந்து ரப்பர் மரங்களுக்குள் புகுந்து போகும் ரோட்டில் மாங்கோட்டுவிளை என்று ஓர் ஊர் இருக்கிறது. நாட்டின் வான் பாதுகாப்பில் தங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்று அங்கே இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். அதற்குக் காரணமானவர் ஏசுஅடிமை. அவருக்கும் ராணுவத்துக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அவர் போட்டுக்கொண்டு திரியும் பச்சைத் திட்டுச் சட்டை. அதுவும் மார்த்தாண்டம் சந்தையில் எடுத்தது.

ஏசுஅடிமைக்குத் தொழில் லைட்செட், மைக்செட். கல்யாணம், சர்ச் பண்டிகை, அம்மன் கோயில் கொடை, கட்சிக் கூட்டம், யார் கூப்பிட்டாலும் போவார். எந்தச் சாமி, எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார். பிளக் பாயின்ட் எங்கே என்றுதான் கேட்பார். பொண்ணு மாப்பிள்ளை மேல் வெளிச்சம் விழவேண்டுமென்றால், அதைப் போடுகிறவன் இருட்டில் நிற்க வேண்டும். கல்யாணம் கல்யாணமாக அப்படியே நின்று தலையும் நரைத்துவிட்டது. ஊரிலுள்ள ஆல்பங்களை எல்லாம் அடுக்கி வைத்துத் தேடினால் அவருடைய முழங்கை மட்டும் ஒரு படத்தில் கிடைக்கும். அதையும் அந்த வீட்டார் பந்தல்கால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி ராஜபாய் வாய்க்காரி. மாதர் சங்கத்தில் யாராவது கேட்டால், “எனக்க வீட்டுக்காரருக்கு வயரு சுத்துத வேலை” என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. வயரைப் பற்றி என்னத்தைக் கேட்பது?

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதர் திருவனந்தபுரத்துக் காண்டிராக்டர் ஒருவரிடமிருந்து பழைய லேசர் லைட் ஒன்றை வாங்கி வந்தார். பச்சைப் பச்சையாகக் கோடு விடும். புகை மெஷினையும் கூடப் போட்டால் அந்தக் கோடுகள் வானம் வரைக்கும் எழும்பி நிற்கும். குழந்தைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். சில மாமாமார்களும் பார்ப்பார்கள், யாரும் கவனிக்காதபோது.

அந்த நேரம் பார்த்து டிவிக்காரர்கள் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரு லாரியின் மேல் குழாய் மாதிரி ஒரு கருவி. குண்டு இல்லை, சத்தம் இல்லை. வெறும் ஒளி. வானத்தில் போன டிரோன் பொசுங்கிக் கீழே விழுந்தது. இனிமேல் சண்டையெல்லாம் இப்படித்தான் என்றார்கள். மாங்கோட்டுவிளை டீக்கடையில் அதைப் பார்க்காத போன் கிடையாது. “முட்டம் லைட்ஹவுஸ்ல இது ஒண்ண வச்சா எவன் கடல் வழியா வருவான்?” என்று ஒருவர் கேட்க, “வள்ளக்காரனுக்க மீனு வெந்துல்லா போவும்” என்று இன்னொருவர் கவலைப்பட்டார்.

அந்த வாரத்தில்தான் ஒரு கல்யாண வரவேற்பு. லைட்செட் ஏசுஅடிமை. டிரோன் கேமரா பிபின். பிபின் ஸ்டுடியோ வைத்திருக்கிற பையன். தலைமுடியை ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டு மறுபக்கத்தை மறந்துவிட்டவன். பொழுது இருட்டியதும் மாப்பிள்ளையும் பொண்ணும் காரிலிருந்து இறங்கினார்கள். பச்சைக் கோடுகள் வானத்தைத் துழாவின. டிரோன் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு பந்தலுக்கு மேலே வந்தது.

வந்து, ஒரு குலுங்கு குலுங்கி, நேரே சமையல் பக்கம் போய் அடைப்பிரதமன் பாயச அண்டாவுக்குள் விழுந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடிவந்து பிபினின் சட்டையைப் பிடித்தார். “ஏலே, என்னலே காட்டி வச்சிருக்க?”

முந்தின நாள் பேட்டரியைச் சார்ஜில் போட மறந்துபோனதை அந்த இடத்தில் சொன்னால் தானும் அண்டாவுக்குள் போகவேண்டி வரும் என்று பிபினுக்குத் தெரியும். பயந்த கை எங்கேயாவது நீளும் அல்லவா? நீண்டது. “நான் ஒண்ணும் செய்யல்ல மாமா. அடிமை அண்ணனுக்க லேசரு அடிச்சிப் போட்டு.”

எல்லாத் தலைகளும் திரும்பின. புகை மெஷின் விட்ட புகைக்கு நடுவே, பச்சைத் திட்டுச் சட்டையோடு, ஏசுஅடிமை குனிந்த இடத்திலிருந்து மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தார். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவர் ஏன் குனிந்திருந்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். டிரோன் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே லேசர் அணைந்துபோயிருந்தது. எங்கேயோ கரண்ட் விட்டுவிட்டது என்று வயரைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் ஊரே தன்னைப் பார்க்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிச்சம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. “நான் இல்ல” என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ கைதட்டினார்கள்.

டிரோனைக் கரண்டியால் எடுத்தார்கள். பாயசத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் டீக்கடையில் அவருக்கு நடு பெஞ்சில் இடம் கிடைத்தது. கேட்காமலே ஏத்தன்பழ அப்பம் வந்தது. “அண்ணே, சைனாக்காரன் வந்தா நாம தாங்குவமா?” என்று ஒரு பட்டாளத்து ரிட்டயர் ஆளே அவரிடம் கேட்டார். சீரியல் பல்பு சைனாவில் மலிவு என்பதைத் தவிர ஏசுஅடிமைக்கு அந்த நாட்டைப் பற்றி வேறொன்றும் தெரியாது. அப்பத்தை மென்றுகொண்டே, “பாக்கணும்” என்றார். ஆகா, எவ்வளவு அடக்கம் என்று கடையே மெச்சிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீட்டு முற்றத்தில் கூட்டம்தான். வாழைத்தோட்டக்காரர் முத்துநாயகம் முதல் ஆளாக ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்தார்.

“அடிமை, எனக்க விளையில பன்னி எறங்குது. ஏத்தன் கன்னு ஒண்ணு மிச்சம் இல்ல. நீ வந்து ஒரே ஒரு அடி.”

“அண்ணாச்சி, பன்னியச் சுட்டா கேஸாவும்.”

“சுடாண்டாம் மக்கா. சூடாக்கினா போரும். அதுவே நாணிப் போயிரும்.”

முட்டுவலிக்காரி ஒருத்தி, ஆஸ்பத்திரியிலும் லேசர்தானே வைக்கிறார்கள் என்று சொல்லி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மூன்று வீடு தள்ளியிருக்கும் செல்லக்கனி சண்டைக்கு வந்தாள். கல்யாணத்தன்று முதல் அவளுடைய கோழி முட்டையிடவில்லையாம். “கதிரு அடிச்சி கோழி கெட்டுப்போச்சு. வயித்துப்பிள்ளைக்காரிய இருக்க ஊரு, கேட்டியா!” என்று ரோட்டில் நின்று கத்தினாள். மறுநாளிலிருந்து சிலர் அவர் வீட்டைத் தாண்டும்போது வெயில் இல்லாமலேயே குடை பிடித்தார்கள். துணிக்குடை ஒளியைத் தடுக்குமா என்பதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டாயின. சவுதியிலிருந்து ஒருவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, “அண்ணே, அது இஞ்ச வரைக்கும் எட்டுமா? எனக்க மேனேஜருக்க ரூம் ஜன்னல் கெழக்கப் பாத்துதான் இருக்கு” என்று விசாரித்தான்.

ஏசுஅடிமை யாரிடமும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்பே ராணுவ ரகசியம் மாதிரி இருந்தது.

ஆனால் அவர் உள்ளுக்குள் பிடித்து வைத்துக்கொண்டது டீக்கடைப் பெருமையை அல்ல. சாப்பாட்டு நேரத்தில் ராஜபாய் மீன்தலையை அவர் தட்டில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். “இண்ணைக்கு ஆரெல்லாம் வந்தினும்?” என்று கேட்டாள். அவரும் சொன்னார். பன்னிக் கதை, முட்டுவலிக் கதை, சவுதிக் கதை, எல்லாம் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த வீட்டில் அத்தனை பேச்சு அதற்கு முன்னால் நடந்ததில்லை. வயர் சுத்துகிறவனுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு எழும்பிப் போய்விடுவார். இப்போது அந்தச் சிரிப்புக்காகவே அவர் உண்மையை ஒத்திப் போட்டுக்கொண்டு வந்தார்.

வினை சர்ச்சிலிருந்து வந்தது. சபைச் செயலாளர் ரசலையன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார்.

“அடிமை, காரியம் இதுதான். கிறிஸ்மஸ் லைட்டுக்கு இந்தத் தடவை மார்த்தாண்டம் அனில்குமார் கேக்கியான். செவரு மாதிரி எல்ஈடி வால் தாரேன்னு சொல்லுதான். கமிட்டியில பாதிப்பேரு அவன் பக்கம்.”

ஏசுஅடிமை மனக்கணக்குப் போட்டார். கிறிஸ்மஸ் மாதம் முழுக்க எரியும் லைட்டுதான் அவருடைய வருஷத்தைத் தாங்கி நிறுத்துவது. அது போனால் கொடை வரும்வரை வயரைச் சுற்றவும் வேலை இருக்காது.

“அதுக்கு நான் ஒரு வழி கண்டிருக்கேன். அறுப்பின் பண்டிகை ஏலத்துல நீ ஒனக்க லேசரக் கொண்டு வா. பிபின் டிரோன விடட்டு. சனங்களுக்க முன்ன ஒரு அடி அடிச்சி அத எறக்கு. பின்ன எவன் அனில்குமாருக்க பேரச் சொல்லுவான்?”

“அண்ணே, அது வந்து…”

“டிரோன் போனா போட்டு. பிபினுக்குச் சபையிலேருந்து வேற எடுத்துக் குடுப்போம். நோட்டீசுல போட்டாச்சு.”

நோட்டீசில் போட்டாயிற்று என்றால் அந்த ஊரில் மேல்முறையீடு கிடையாது.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், ராஜபாய் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஏசுஅடிமை அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு வயரைச் சுற்றினார். பிரித்தார். திரும்பவும் சுற்றினார்.

“ஏட்டி, ஒரு காரியம். அண்ணைக்கு டிரோன நான் விழத்தட்டல்ல. லைட்டு அணைஞ்சி கெடந்தது.”

ராஜபாய் கத்தியை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்.”

“எப்பிடி?”

“நான்தான் பிளக்க ஊரி எடுத்தேன். நானும் அண்ணைக்குக் கல்யாண வீட்டுலதானே நிண்ணேன். பொண்ணுக்க மாத்துச் சேலை கசங்கிக் கெடந்து. இஸ்திரிப்பெட்டி போட வேற எடம் இல்ல.”

ஏசுஅடிமை கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். “பின்ன எதுக்கு இத்தன நாளும் மீன்தலை?”

“விஞ்ஞானிக்கிண்ணு வச்சேன்னு நெனச்சீங்களா? நீங்க வாயத் தொறந்து நாலு வார்த்த பேசுனீங்க. நல்லா இருந்துது. இடையில நான் எதுக்கு பிளக்க ஊரணும்?”

அவர் தலையைக் குனித்துக்கொண்டார். சிரிப்பா வேறெதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு விழாது கேட்டியா. கிறிஸ்மஸ் ஆர்டரும் போவும்.”

“போனா போட்டு” என்றாள் ராஜபாய். சொல்லிவிட்டு, சீவி முடித்த கிழங்கையே திரும்பவும் சீவினாள்.

அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் மாங்கோட்டுவிளையில் மதம் கிடையாது. காணிக்கையாக வந்த காய்கனி, கோழி, பலாச்சக்கை, இளநீர் எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். எந்த விலைக்கு எடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோவது கௌரவக் குறைச்சல். எடுத்தவர் அதைத் திரும்பவும் சபைக்கே கொடுப்பார். திரும்பவும் ஏலம் போகும். ஒரு சேவல் சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப்பேருக்குச் சொந்தமாகிவிட்டு, கடைசியில் போதகர் வீட்டுக் கூட்டில் போய் அடையும்.

அன்றைக்குச் சேவலுக்கு மவுசு இல்லை. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் லேசர் லைட்டை வைத்து, ரசலையன் அதற்கு ஒரு செவ்வந்தி மாலையும் போட்டிருந்தார். நல்ல உச்சி வெயில். பச்சைக் கோடு பகலில் தெரியாது என்பது கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. ஏசுஅடிமைக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. அனில்குமார் கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தான்.

பிபின் டிரோனை மேலே விட்டான். கழுவிக் காயவைத்து ரிப்பேர் பார்த்திருந்தாலும் வெல்லவாசனை போகவில்லை. கிளம்பும்போது இரண்டு எறும்புகளும் கூடவே ஏறிப் போயின.

“மொத அடி ஏலத்துக்கு!” என்று ரசலையன் மைக்கில் முழங்கினார். “ஸ்விட்ச் அமத்துகதுக்கு உள்ள பாக்கியம் ஆருக்கு?”

முத்துநாயகம்தான் பிடித்தார். பன்னிக்கு முன்னால் கை பழகட்டும் என்று அவருக்கு ஒரு திட்டம். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து ஸ்விட்சை அமுக்கினார். ஊரே அண்ணாந்து பார்த்தது.

டிரோன் பாட்டுக்கு நின்றது.

“ஒளி ஒண்ணும் தெரியல்லியே?” என்று ஒருத்தர் கேட்டார்.

“தெரிஞ்சா அது டார்ச். தெரியாம இருந்தாத்தான் ஆயுதம்” என்று பட்டாளத்து ரிட்டயர் ஆள் விளக்கினார்.

விழாத அடியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது அல்லவா? முத்துநாயகம் முறைப்படி அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தடவை ஏலம் போனது. எடுத்தவர் அமுக்கினார். விழவில்லை. அவரும் திருப்பிக் கொடுத்தார். சூடு ஏற ஏறத்தான் பலன் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட, விலை இன்னும் ஏறியது. செல்லக்கனிகூட, கோழிக்காகக் கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லி ஒரு தடவை ஏலத்தில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். டிரோன் அசையவில்லை. சபை வரலாற்றிலேயே அப்படி ஒரு வசூல் வந்ததில்லை.

ஏசுஅடிமை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவரும் அமுக்கிவிட்டு அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, நம்பிக்கை இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மாதர் சங்க வரிசையில் ராஜபாய் இருந்தாள். அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவர் யோசிக்கவில்லை. மைக்கை வாங்கினார். ஆயிரம் பேருக்கு மைக் கொடுத்த மனிதர், அதில் “மைக் டெஸ்டிங்” தவிர ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

“விழாது” என்றார். “இது கல்யாண லைட்டு. ஒரு கொசுவக்கூடக் கொல்லாது. அண்ணைக்கும் நான் விழத்தட்டல்ல. லைட்டு அணைஞ்சி கெடந்தது. சொல்லியிருக்கணும். நீங்கல்லாம் என்னப் பாத்தீங்க, நான் சொல்லல்ல. அவ்வளவுதான்.”

கூட்டம் டிரோனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. அனில்குமார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

பிபினுக்கு மனசு பொறுக்கவில்லை. “அண்ணன் சொல்லுதது உள்ளதுதான்! பேட்டரிக்குச் சார்ஜ் போட மறந்தது நான். எனக்க தப்பு!” என்று கத்தினான். கத்துகிற வேகத்தில் கையிலிருந்த ரிமோட்டைப் பார்க்க மறந்துவிட்டான். அத்தனை ஏலத்துக்கும் மேலே நின்று நின்று இந்தப் பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தது. டிரோன் ஒரு குலுங்கு குலுங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சுற்றிச் சுற்றி வந்து சக்கைக் குவியலுக்குள் சொருகிக்கொண்டது.

அப்போது எழும்பிய ஆரவாரத்தில் போதகர் வீட்டுச் சேவல் அடுத்த விளைக்குப் பறந்துவிட்டது.

“விழுந்தாச்சு!”

“நான் இல்ல! ஸ்விட்சே ஆஃப்!” என்று ஏசுஅடிமை மைக்கில் அலறினார்.

“காலால அமத்தியிருப்பான்” என்றார் முத்துநாயகம் பெருமையாக.

பட்டாளத்து ரிட்டயர் ஆள் எழும்பி நின்று, “மேலேருந்து உத்தரவு வந்திருக்கும் வோய். ஒத்துக்கிடக் கூடாதுண்ணு எழுதி வாங்கியிருப்பினும். நீங்க ஆரும் அவன வற்புறுத்தாதீங்க” என்றார். ஊர் பொறுப்போடு தலையாட்டியது. சிலர் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். பிபினையும், பாவம், அண்ணனைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான் என்று மெச்சினார்கள். அனில்குமார் பக்கத்தில் வந்து, மெதுவாக, “அண்ணே, எனக்கிட்ட மட்டும் சொல்லுங்க. எத்தன வாட்ஸ்?” என்றான்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. ரசலையன் வெளியே வந்து முடிவைச் சொன்னார்.

“அனிலுக்க எல்ஈடி வால் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருஷம் பக்கத்துச் சபைக்காரனுவ டிரோன் விட்டு நம்ம கிறிஸ்மஸ் குடில, அந்தப் புல்கூட்ட, முன்னாலயே படம் பிடிச்சிட்டுப் போனானுவ. அதப் பாத்து அவனுவளும் கெட்டி, போட்டியில பிரைசும் அடிச்சானுவ. இனி நீ இருந்தா எவனாவது விடுவானா? கிறிஸ்மஸ் ஒனக்குத்தான்.”

“அண்ணே, நான்தான் மைக்கிலயே சொன்னேனே, அது வெறும்…”

“நீ சொல்ல வேண்டியதச் சொல்லிட்டே இரு. அதான் நல்லது.” ரசலையன் குரலைத் தாழ்த்தினார். “ஆனா அந்தச் சாதனத்தச் சர்ச்சுக்குள்ள மட்டும் கொண்டு வராண்டாம். பிள்ளைய வரும். சீரியல் லைட்டும் ஸ்டாரும் போரும்.”

அந்த டிசம்பரில் பக்கத்துச் சபையிலிருந்து ஒரு டிரோன்கூடக் கிளம்பவில்லை. ஒரு தடவையும் சுடாத, சுடவே முடியாத, சுடாது என்று சொந்தக்காரரே மைக்கில் அறிவித்த ஆயுதம் ஒன்று, வீட்டுப் பரணில் சாக்கு மூடிக் கிடந்தபடியே ஓர் ஊரின் வானத்தைக் காத்தது. பெரிய பெரிய நாடுகள் இதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன!

ஏசுஅடிமை சர்ச் வளாகத்து அயனி மரத்தில் பெரிய ஸ்டாரைக் கட்டப் போனார். வழக்கமாகத் தனியாகத்தான் ஏறுவார். இந்த முறை ராஜபாயும் வந்திருந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியின் அடியைப் பிடித்தாள்.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன். பாத்து ஏறுங்க. நீங்க வழுக்கி விழுந்தா, வழுக்கி விழுந்தாருண்ணு இந்த ஊருல ஒருத்தரும் நம்ப மாட்டினும். சைனாக்காரன் சுட்டான்னுதான் சொல்லுவினும்.”

மேலே அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஸ்டாரும் அவரும் ஏணியும் சேர்ந்து குலுங்கின.

“சிரிக்காதீங்க மனுஷா, ஏணி ஆடுது!” என்றாள் ராஜபாய், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.